கண்ணாடி வூட்டுக் காணும் பொங்கல்

சொர்ணாம்பாளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகப்போகிறது. அந்தப் பத்து வருஷத்தில் அவள் புருஷன் ஆதிநாராயணன் அவளை ஓரிடத்துக்கும் கூட்டிப்போனதில்லை. கருவேப்பிலங்குறிச்சியில் அவள் அப்பா செத்தபோதுகூட, "நீ முன்ன போ, நான் ஷிப்டு முடிச்சிட்டு வரேன்" என்று பஸ் ஏற்றிவிட்டவன், பிணத்தை எடுத்த பிறகுதான் வந்து சேர்ந்தான். அப்படிப்பட்டவன் அறுபத்தாறாம் வருஷம் மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டே, "நாளைக்குக் காணும் பொங்கலு. தோட்டத்துக்குப் போயிட்டு வரலாம். கட்டுச்சோறு கட்டிடு" என்றான்.

அவன் அம்மாவிடம் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவள் பாட்டுக்குப் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன்னத்தான். நீயும் நானும்."

சொர்ணாம்பாள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் ஆராயிக்கு மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. 'ஏண்டி மலடி' என்பதுதான் பேர். தெருவில் யார் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி வளையல் போட்டுக்கொண்டாலும், "நீ அந்தப் பக்கம் போவாத, எம் மானம் போவும்" என்று உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறவள். அவளே அன்றைக்கு, "போயிட்டு வாங்க. அந்த அரக்குக் கலர் பொடவையக் கட்டிக்க. தலைக்கு எண்ணெ வச்சிச் சீவிக்கிட்டுப் போ, பரட்டையாப் போவாத" என்றாள்.

சந்தேகப்பட்டிருக்க வேண்டிய நேரம் அதுதான். ஆனால் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று காத்துக் கிடக்கிறவளுக்கு, அந்த வார்த்தை வரும்போது அதன் முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றாது. சொர்ணாம்பாள் விடிவதற்கு முன்பே எழுந்து புளி கரைத்தாள். பக்கத்து வீட்டுப் பூவாயி குடத்தோடு வந்தவள், "என்னாடி, வாசனை தெருமுனை வரைக்கும் வருது" என்று கேட்டபோது, "அவரு என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறாருக்கா" என்றாள். சொல்லும்போதே முகம் சிவந்துவிட்டது. பூவாயி, ஆதிநாராயணன் வேலை செய்யும் அதே சர்க்கார் பீங்கான் கூடத்தில் கப்புகளுக்குக் காது ஒட்டுகிறவள். புருஷனை இழந்தவள். அவள் குடத்தை இறக்கி வைத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். "அவனா?" என்று கேட்டாள்.

தோட்டம் ரயில் பாதையைத் தாண்டி மேற்கே இருந்தது. வாசலில் வளைவு போட்டு அரசு தோட்டக்கலை நிலையம் என்று எழுதியிருந்தாலும் விருத்தாசலத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் ஜட்கா வண்டிக்காரனுக்குத் தெரியாது. கண்ணாடி வூடு என்றால்தான் தெரியும். எந்தக் குளிர்தேசத்திலோ பார்த்துவிட்டு வந்த ஒரு பெரிய அதிகாரி, சட்டிபோலக் காய்கிற இந்த ஊரில் இரண்டு கண்ணாடிக் கட்டடங்களைக் கட்டச் சொல்லிவிட்டு மாற்றலாகிப் போய்விட்டாராம். சித்திரை மாதத்தில் அதன்மேல் மூங்கில் தட்டியைப் போட்டு மூடித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். தை மாதத்தில் மட்டும் அது அதற்குரிய அழகோடு இருக்கும்.

சைக்கிளின் பின்சீட்டில் தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு சொர்ணாம்பாள் உட்கார்ந்து போனாள். வழியெல்லாம் உடைந்த பீங்கான் சில்லுகளைக் கொட்டி மேடாக்கிய ரோடு. சைக்கிள் தூக்கிப் போடும்போதெல்லாம் அவன், "கெட்டியாப் புடிச்சிக்க" என்றான். எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

தோட்டத்தில் ஊரே இருந்தது. உள்ளே நுழைந்ததும் ரோஜாத் தோட்டம். அதைத் தாண்டினால் செடியை யானையாகவும் மயிலாகவும் கத்தரித்து நிறுத்தியிருந்த குழந்தைகள் தோட்டம். பிள்ளைகள் யானையின் காலுக்குள் புகுந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் தடுக்கி சொர்ணாம்பாளின் காலடியில் விழுந்தது. தூக்கிவிடக் குனிந்தவள், பழக்கத்தில் கையை இழுத்துக்கொண்டு, பெற்றவள் வருகிறாளா என்று சுற்றிப் பார்த்தாள். "தூக்கி விடேன்" என்றான் ஆதிநாராயணன். அதையும் அவன் சாதாரணமாகச் சொன்னான். அவள் குழந்தையைத் தூக்கி நிறுத்திப் பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். அவன் அன்று முன்னால் நடக்கவில்லை, கூடவே நடந்தான். முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தான். கோலி சோடாவை உடைத்து முதலில் அவள் கையில் தந்தான். இந்த மனுஷனுக்குள் இப்படி ஒருத்தர் இருந்தாரா, பத்து வருஷமாக நமக்குத்தான் தெரியவில்லையா என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

அதற்கப்புறம் நட்சத்திர வனம். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் இருபத்தேழு மரக்கன்றுகளை வட்டமாக நட்டு, தகரத்தில் பெயர் எழுதிக் குத்தியிருந்தார்கள். அவரவர் தங்கள் நட்சத்திரத்து மரத்தைத் தேடிக்கொண்டிருந்த கூட்டத்தில், கழுத்தில் பட்டையாகச் சங்கிலி போட்டிருந்த ஒரு பெண்பிள்ளை சொர்ணாம்பாளிடம் வந்தாள்.

"ஏம்மா, ரோகிணிக்கு எது மரம்னு பாத்தியா?"

"நாவல்ங்க. அந்தா, தண்ணித் தொட்டிகிட்ட இருக்குது பாருங்க."

"இதோ, எங்க நாத்தனாருக்குத்தான் ரோகிணி. ஏ அமிர்தம், இங்க வா." பின்னால் தாவணி போட்ட ஒரு பெண் வந்து நின்றாள். இருபது வயது இருக்கும். நல்ல நிறம், சொர்ணாம்பாளை நேராகப் பார்க்காமல் பார்த்தாள். "உனக்கு என்னா நச்சத்திரம்?"

"மகம்ங்க."

"மகமா? வயசு?"

சொர்ணாம்பாள் சொன்னாள். அந்த அம்மாள் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டதுபோலத் தலையை ஆட்டினாள். அவர்கள் சேத்தியாத்தோப்பு. கூட வந்த ஆள், கோவிந்தராசு, அவள் புருஷன், அமிர்தத்தின் அண்ணன். அவன் ஆதிநாராயணனிடம் தீப்பெட்டி கேட்டான். இருவரும் இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்துக்கொள்கிறவர்கள்போல ஊர் பேர் விசாரித்துக்கொண்டார்கள்.

வெயில் ஏறியது. எல்லாருமாகப் புல்தரையில் உட்கார்ந்தார்கள். சொர்ணாம்பாளுக்குத் தன் கைச்சோற்றை வெளியாட்களுக்குப் போடுவதில் அப்படி ஒரு சந்தோஷம். வாழையிலை கிழித்து அமிர்தத்துக்கு முதலில் வைத்தாள். "நல்லாச் சாப்புடு தங்கச்சி. வளர்ற பொண்ணு." எல்லாருக்கும் போட்டுவிட்டுத் தனக்கு எடுத்துக்கொள்ளப் போகும் நேரத்தில் அமிர்தத்தின் அண்ணி எழுந்தாள். அவள் கால் தூக்கில் பட்டது. பட்டது என்றுதான் சொர்ணாம்பாள் நினைத்தாள். மிச்சச் சோறு முழுக்கப் புல்லில் கவிழ்ந்தது. அந்த அம்மாள் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. நின்று சொர்ணாம்பாளின் முகத்தையே பார்த்தாள். கோவிந்தராசும் பார்த்தான். ஆதிநாராயணன் சிகரெட்டைப் பார்த்தான்.

"போவட்டுங்க" என்று சிரித்துக்கொண்டே சோற்றை வழித்து இலையில் வாரினாள் சொர்ணாம்பாள். "எறும்பு தின்னட்டும். எனக்குப் பசியில்ல."

அண்ணி தன் புருஷனைப் பார்த்துக் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள்.

பிறகு கண்ணாடி வீட்டுக்குள் போனார்கள். ஒன்றில் கள்ளி வகைகள், இன்னொன்றில் நிழல்செடிகள். நிழல்செடி வீட்டில் மேலேயிருந்து தண்ணீர் சன்னமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி முழுக்க வியர்த்து, வெளியே நடக்கிறவர்கள் வெறும் நிறங்களாகத் தெரிந்தார்கள். மரக்கட்டையில் வேர்விட்டுத் தொங்கும் பூக்கள், மண்ணே இல்லாமல். சொர்ணாம்பாள் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். ஆண்கள் வெளியே நின்றுவிட்டார்கள். அண்ணி அவள் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்தாள்.

"தாய்வூட்டுல யாரு இருக்காங்க?"

"அப்பா அம்மா இல்லீங்க. ஒரு அண்ணன். அவரு வந்துபோறது கெடையாது."

"புள்ளைங்க?"

"இல்லீங்க." பிறகு, புருஷனை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று, "ஆனா அவரு இதுவரைக்கும் ஒரு சொல்லு சொன்னதில்லீங்க. தங்கமானவரு" என்றாள்.

"ஆம்பள மனசு. நாளைக்கே இன்னொருத்தியக் கொண்டாந்து நிறுத்துனா என்னா பண்ணுவ?"

சொர்ணாம்பாள் சிரித்தாள். "அவரு அப்படிச் செய்ய மாட்டாருங்க."

"அட பேச்சுக்குத்தான். செஞ்சிட்டா? ஊரக் கூட்டுவியா, ஆபீஸுக்குப் போவியா?"

சொர்ணாம்பாள் நிஜமாகவே யோசித்தாள். அவளுக்குப் பொய்யாகப் பதில் சொல்லத் தெரியாது. "எங்கங்க போறது. ரெண்டு நாளு அழுவேன். அப்புறம் ரெண்டு பேருக்கும் சேத்து ஒலை வப்பேன்" என்றாள்.

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். அமிர்தமும் சிரித்தாள். தன் பேச்சு யாரையோ சிரிக்க வைத்துவிட்டதே என்று சொர்ணாம்பாளும் சேர்ந்து சிரித்தாள்.

அந்தத் தை மாதம் முடிவதற்குள் ஆதிநாராயணனும் ஆராயியும், ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வேண்டுதல் என்று சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் போனார்கள். சாயங்காலம் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாள் சொர்ணாம்பாள். ஆதிநாராயணன் கழுத்தில் மாலை இருந்தது. பக்கத்தில் கூரைப்புடவையில் குனிந்த தலையோடு ஒரு பெண். பின்னால் கோவிந்தராசும் அவன் பெண்டாட்டியும் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்த பிறகுதான் குனிந்த தலை யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஏன் மரமாட்டம் நிக்கிற, ஆலம் கரைச்சிக் கொண்டா" என்றாள் ஆராயி.

சொர்ணாம்பாள் நகரவில்லை. ஆராயி கிட்டே வந்தாள். சத்தம் போடாமல், கிட்டத்தட்டப் பிரியமாக, "ரெண்டு நாளு அழுவேன்னியாமே. அழு. அப்புறம் ஒலை வை" என்றாள்.

எல்லாம் விளங்கிவிட்டது. புடவை, எண்ணெய், மல்லிகை, சோடா, கவிழ்ந்த சோறு. அவளைத் தோட்டம் பார்க்கக் கூட்டிப்போகவில்லை, தோட்டத்துக்கு அவளைக் காட்டக் கூட்டிப்போயிருக்கிறார்கள். இளையவளைப் பெண் பார்க்கிற வேலை எப்போதோ முடிந்துவிட்டது. பெண் வீட்டார் மூத்தவளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அமிர்தம் கெட்டவள் இல்லை, அப்போது இல்லை. மறுநாள் அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு வெகுளியாகவே சொன்னாள். "உங்களைப் பாத்தப்புறந்தாங்க்கா நான் சரின்னேன். அவருக்கு சர்க்கார் வேல இல்லியா. மொதப் பொண்டாட்டி இருக்கும்போது இன்னொருத்தியக் கட்டுனா, அவ போயி மேனேஜருகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும், வேல போயிடுமாம். அதான் எங்க அண்ணி ஆளப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்னுட்டாங்க. பாத்துட்டு வந்து, 'பசு மாதிரி இருக்கா, நீ தெகிரியமாப் போ'ன்னு சொன்னாங்க."

சொர்ணாம்பாள் கையில் இருந்த அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். கழுநீர் வெளுத்துத் தெளிந்த பிறகும் களைந்துகொண்டிருந்தாள்.

பூவாயிதான் கொதித்தாள். "அந்தப் பசுவுக்குக் கொம்பு இருக்குதுன்னு காட்டுடி. நாளைக்குக் கூடத்துக்கு வா. மேனேஜரு ரூமு வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன். நல்ல மனுசன்."

போனாள். பீங்கான் கூடத்தின் கேட்டுவரைக்கும் போனாள். சூளைப் புகையும் வெள்ளை மண்ணுமாக உள்ளே ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஆதிநாராயணன் அவளைப் பார்த்துவிட்டு, புருவத்தில் மண் படிந்த முகத்தோடு கேட்டுக்கு வந்தான். அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் அடிக்கவில்லை.

"சொல்லப் போறியா? போ, சொல்லு. மேனேஜரு அந்த ரூமுலதான் இருக்காரு. வேல போயிடும். அப்புறம் எங்கப் போவ? உங்க அண்ணன் வூட்டுக்கா?" கொஞ்சநேரம் நின்றான். அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வந்ததுதான் வந்த, மத்தியானச் சோத்தக் கையோட எடுத்தாந்திருக்கலாமே. போயி எடுத்தா."

அவள் வீட்டுக்கு நடந்துபோய்ச் சோற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே கேட்டுக்கு வந்தாள். அவள் தூக்கை நீட்டுவதைப் பார்த்துவிட்டுப் பூவாயி உள்ளே திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் வெகுகாலம் அவள் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் அமிர்தத்துக்கு ஒரு பெண் பிறந்தது. ஜயா என்று பேர் வைத்தார்கள். பிரசவத்துக்குத் தண்ணீர் காய்ச்சினது, பீத்துணி அலசினது, காய்ச்சலில் தோளில் போட்டு நடந்தது எல்லாம் சொர்ணாம்பாள்தான். குழந்தையைத் தொடக்கூடாது என்ற சட்டத்தை வேலைக்காக ஆராயி தளர்த்திக்கொண்டாள். ஆனால் பேசப் பழகும்போது, "சொர்ணம்னு கூப்புடுடி, பெரியம்மாவாம் பெரியம்மா" என்று மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். குழந்தை மழலையில், "ஏ சொன்னம், தண்ணி" என்றதும் வீடே சிரித்தது. அமிர்தமும் சிரித்தாள். அவளும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வீட்டைக் கற்றுக்கொண்டுவிட்டாள். முதலில் 'அக்கா' போயிற்று. பிறகு 'ங்க' போயிற்று. ஒரு பையனும் பிறந்தபின், "நான் சாப்புட்டாச்சி, எலைய எடு" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

ஆராயி படுத்த படுக்கையாகக் கிடந்த நாளில் மலம் மூத்திரம் எடுத்தது சொர்ணாம்பாள். கடைசியில் வாய் வறண்டு தண்ணீர் கேட்டபோது, சங்கோடு குனிந்த சொர்ணாம்பாளின் கையை ஆராயி தட்டிவிட்டாள். "புள்ள பெத்தவ கையால ஊத்தச் சொல்லு." அமிர்தம் வந்து ஊற்றினாள். சொர்ணாம்பாள் சங்கைக் கழுவி வைத்தாள்.

அழுகை எப்போதோ நின்றுபோயிருந்தது. அவளுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. கேட்கிறவரும் இல்லை.

எழுபத்திரண்டில் ஆதிநாராயணனுக்கு மஞ்சக்காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள். கடைசியில் கடலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது ஆள் இல்லை. காரியம் முடிந்த வாரத்தில் பீங்கான் கூடத்திலிருந்து ஆள் வந்து, செத்தவரின் சம்சாரத்தை மேனேஜர் வந்து பார்க்கச் சொன்னார் என்றான். வரவேண்டிய பணம் இருக்கிறது, சம்சாரத்துக்கு ஒரு வேலையும் போட்டுத் தருவார்கள் என்று பூவாயி சொன்னாள்.

சேத்தியாத்தோப்பிலிருந்து கோவிந்தராசு வந்து இறங்கினான். சொர்ணாம்பாளை எதிரே உட்காரவைத்துப் பக்குவமாகச் சொன்னான். "இத பாரும்மா. ரிக்கார்டுல உன் பேரு மட்டுந்தான் இருக்குது. பயந்துகிட்டு அவரு மாத்தாமலே போயிட்டாரு. நீ வந்து, வேலை இவளுக்குக் குடுங்க, எனக்கு வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிடு. நீ படிக்காதவ, வயசும் ஆச்சி. அமிர்தம் ரெண்டு புள்ளைய வச்சிருக்கிறா. இவ யாருன்னு கேட்டா, உங்கூடப் பொறந்தவன்னு சொல்லிடு. உன்னை நாங்க கைவுட்டுட மாட்டோம்."

"சரிங்க" என்றாள் சொர்ணாம்பாள்.

அவள் சரி என்று சொன்னதில் அவனுக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. அவள் வேறெதுவும் சொல்லி யாரும் கேட்டதில்லை.

மேனேஜர் வெங்கடகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எதிரே நின்ற எல்லாரையும் பார்த்தார். அமிர்தம் பையனை இடுப்பில் வைத்திருந்தாள். ஜயா அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பூவாயி வாசலோரமாக நின்றாள்.

"ஆதிநாராயணன் சம்சாரம் யாரும்மா?"

"நாந்தாங்க" என்றாள் சொர்ணாம்பாள்.

"இவங்க?"

கோவிந்தராசு கண்ணாலேயே எடுத்துக் கொடுத்தான். சொர்ணாம்பாள் அமிர்தத்தைத் திரும்பிப் பார்த்தாள். மேலிருந்து கீழாக, சந்தையில் எதையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எங்க வூட்டுல ஒத்தாசைக்கு வச்சிருக்கிற பொண்ணுங்க. சேத்தியாத்தோப்பு."

அமிர்தம் புரியாதவள்போல, "அக்கா" என்றாள். எத்தனையோ வருஷம் கழித்து அந்தச் சொல்.

"என்னா பேசற நீ!" என்று கோவிந்தராசு முன்னால் வந்தான். "சார், இது எந் தங்கச்சி. அவரு ஊரறியத் தாலி கட்டுன..."

மேனேஜர் கையைத் தூக்கினார். "யோசிச்சுச் சொல்லுங்க. மூத்த சம்சாரம் உசிரோட இருக்கும்போது தாலி கட்டினார்னு சொன்னேள்னா, அது சட்டத்துல கல்யாணமே இல்லை. தெரிஞ்சே செஞ்சு வெச்சவா யாருன்னும் கேள்வி வரும். நீங்கதான் செஞ்சு வெச்சேளா?"

கோவிந்தராசு ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

"கொழந்தைகள் யாரோடது?" என்றார் மேனேஜர், சொர்ணாம்பாளைப் பார்த்து.

"அவருதுங்க" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "என்னுதுங்க" என்றாள்.

மேனேஜருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊரில் தெரியாமல் இருக்க என்ன இருக்கிறது. ஆனாலும் அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அமிர்தம் அழவில்லை. பையனை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

கோவிந்தராசு தங்கையையும் பிள்ளைகளையும் சேத்தியாத்தோப்புக்குக் கூட்டிப்போனான். மழைக்காலம் தாண்டுவதற்குள் அவன் பெண்டாட்டி பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டாள். ஒரு சாயங்காலம் பீங்கான் கூடத்தில் ஷிப்டு முடிந்து சொர்ணாம்பாள் வந்தபோது, பூட்டிய கதவின் முன் மூட்டையும் பிள்ளைகளுமாக அமிர்தம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றாள். சொர்ணாம்பாள் பூட்டைத் திறந்தாள்.

"உள்ள வா. நான் வேலைக்குப் போயிடறேன், வூட்டுல ஒத்தாசைக்கு ஆளு வேணும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் சொர்ணாம்பாள் கையை உயர்த்தியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. வயிறாரச் சோறு போட்டாள். தீபாவளிக்குப் புடவை எடுத்தாள், தனக்கு எடுத்ததைவிட ஒரு படி குறைவாக. யாராவது வந்தால், "அமிர்தம், அம்மாவுக்குத் தண்ணி கொண்டா" என்பாள். வந்தவர் யார் இது என்று கேட்கும் வரைக்கும் காத்திருந்து, கேட்டதும் அதே பதிலைச் சொல்வாள். அமிர்தம் தண்ணீரை வைத்துவிட்டு நின்று அதைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஜயாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்கு சொர்ணாம்பாள் லீவு போட்டாள். தாயார் பேர் என்ன என்று ஹெட்மாஸ்டர் கேட்டபோது, சொர்ணாம்பாள் என்று நிதானமாக, இரண்டு தரம் சொன்னாள். அமிர்தம் வெளியே வேப்பமரத்தடியில் சிலேட்டுப் பையோடு நின்றிருந்தாள்.

"போதும்டி, வுட்டுடு" என்றாள் பூவாயி ஒருநாள், வேலைக்குப் போகும் வழியில். "அவ சின்னப் பொண்ணு. அவளை இந்த வூட்டுக்குக் கொண்டாந்த ரெண்டு பேரும் இப்ப உசுரோட இல்ல."

"நான் என்னாக்கா பண்ணேன்? சோறு போடறேன், துணி குடுக்கறேன்."

"அதான்டி. எனக்குப் பாக்கவே பயமா இருக்குது."

அப்படிச் செய்வதில் அவளுக்குச் சந்தோஷம் இருந்ததா என்றால், முதல் கொஞ்சகாலம் இருந்தது. நல்ல பசிக்குச் சாப்பிட்டதுபோல இருந்தது. பிறகு அது வெறும் பழக்கமாகிவிட்டது. ஆனால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் அந்த இடத்தில் வேறு எதை வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம், ஜயா பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு காலையில், அமிர்தம் பையனைக் கூட்டிக்கொண்டு நெய்வேலிக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு ஆபீசர் வீட்டில் சமையலுக்கு ஆள் கேட்டார்களாம், ஒரு குழந்தையோடு வந்தால் போதும், இரண்டென்றால் வேண்டாம் என்றார்களாம். போகும் முன் பூவாயி வீட்டு வாசலில் நின்று இதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். "பொண்ணு அவங்களுதுன்னுதானே பள்ளிக்கூடத்துல எழுதியிருக்குது" என்றாளாம்.

சொர்ணாம்பாள் தேடிப் போகவில்லை. நெய்வேலி தூரமும் இல்லை. "வருவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஜயா அழவில்லை, சண்டை போடவில்லை. சாப்பிடவில்லை, அவ்வளவுதான். தட்டை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். பூவாயி கூப்பிட்டுக் கொடுத்ததைக் கொஞ்சம் தின்னும், வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். சொர்ணாம்பாள் அதற்குப் பிடித்த பருப்புருண்டைக் குழம்பு வைத்தாள். வாழைப்பூ வடை சுட்டாள். கெஞ்சத் தெரியாதவள் கெஞ்சிப் பார்த்தாள். "எங்கம்மா எங்க?" என்று ஒருதரம் கேட்டது. "நாந்தான் உங்கம்மா" என்று சொல்ல வாயெடுத்தாள். பீங்கான் கூடத்திலும் பள்ளிக்கூடத்திலும் அவ்வளவு சுலபமாக வந்த பேச்சு, எட்டு வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

பூவாயி தன் மகளைப் பார்க்க வெளியூர் போன சமயத்தில் ஒரு மத்தியானம், பசி தாங்காமல் ஜயா தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. சொர்ணாம்பாள் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். பெண் தலையை நிமிர்த்தவில்லை. தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, வேகவேகமாக, வெளியாள் வீட்டில் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டது. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டால் எழுந்துவிடுமோ என்று பயந்து, சொர்ணாம்பாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.